பேர் விழுந்த நாள்

ரோடு நனைந்திருக்கிறது, மழை பெய்திருக்க வேண்டும். என்னிடம் இருந்த இங்கிலீஷ் கைடில் அந்தப் பாடத்தின் முதல் உதாரணம் இதுதான். கண்ணால் பார்க்காத ஒன்றை, பார்த்த ஒன்றை வைத்து ஊகித்துச் சொல்லும்போது எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று அந்தப் பாடம் சொன்னது. நிச்சயமாகத் தெரிந்தால் மஸ்ட். இருக்கலாம் என்று பட்டால் மே. அதிலும் சந்தேகம் என்றால் மைட். இருக்கவே முடியாது என்றால் காண்ட். அந்த உதாரணத்தை எழுதியவர் மூணாறுப் பக்கம் வந்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் எஸ்டேட் ரோடு மழை பெய்தாலும் நனைந்திருக்கும், பெய்யாவிட்டாலும் பனியில் நனைந்திருக்கும். அதைப் பார்த்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

எழுபதுகளின் நடுவில் நான் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் தேறாமல் வீட்டில் இருந்தேன். அம்மா கொழுந்து எடுக்கப் போவாள். அப்பாவுக்கு விறகு வேலை. தேயிலை ஃபாக்டரி அடுப்புக்காகக் கிராண்டிஸ் என்கிற தைல மரங்களை வெட்டிப் பிளக்கும் கூட்டத்தில் அவர் ஒருவர். மறுபடி பரீட்சை எழுது என்று சொன்னவரும், உடுமலைப்பேட்டை போனபோது பழைய கைடு ஒன்றைத் தேடி வாங்கி வந்தவரும் அவர்தான். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் சோறு பொங்கி, தண்ணீர் பிடித்து, மாட்டைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் படிப்பேன். சத்தம் போட்டுப் படிக்க வெட்கம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான். தகரக் கூரையில் காற்று அறையும்போது மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். இன்றைக்கும் நாலு பேர் முன்னால் என் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

பக்கத்து வீட்டில் இருந்தவரை மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் கிடையாது. அப்பாவோடு விறகுக் கூட்டத்தில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு மாப்பிள்ளை முறை வைத்து, அம்மாவை அக்கா என்று அழைத்து, எங்கள் அடுப்பில் தீ எடுத்துப் போகிற அளவுக்குப் பழக்கம்.

எஸ்டேட்டில் பேர் என்றால் ஒரு நாள் வேலை என்று அர்த்தம். காலையில் பிரட்டுக்களத்தில் எல்லோரும் கூடி நிற்க, கங்காணி ஒவ்வொருவரையும் கூப்பிடுவார். குரல் கொடுத்தால் அன்றைக்குப் பேர் விழும். பிந்தி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பனியிலும் மேட்டிலும் யாருக்காவது எப்போதும் பிந்தும். அப்போது பக்கத்தில் நிற்கிற ஆள், "பின்னால வர்றாக" என்று குரல் கொடுப்பார். கங்காணியும் பேரைப் போட்டுவிடுவார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் மூச்சு வாங்க ஓடி வந்து கூட்டத்தில் கலந்துகொள்வார். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. இப்படி ஒரு குரல் கொடுக்காதவனோடு லயத்தில் யாரும் பேச மாட்டார்கள்.

அது தை மாதம். உறைபனியில் புல்லெல்லாம் கருகிப்போகும் காலம். எங்களிடம் ஒரு கலப்பு மாடு இருந்தது. மாட்டுப்பட்டிப் பக்கத்தில் ஒருவரிடம் அப்பா வாங்கியது. ஒரு நாள் சாயங்காலம் அது திரும்பவில்லை. மறுநாள் வேலை முடிந்து மேலே போய்ப் பார்க்கிறேன் என்று அப்பா சொன்னார். அம்மா சினை மாடு என்று புலம்பிக்கொண்டே படுத்தாள்.

விடியும்போது அப்பா வீட்டில் இல்லை. விறகுக் கூட்டத்துக்குப் பேர் கூப்பிடுவது கொழுந்துக்காரர்களுக்கு முன்னால் என்பதால் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்காகச் சுட்டு வைத்திருந்த ரொட்டி அப்படியே இருந்தது. அவசரத்தில் மறந்திருப்பார் என்று சொல்லிவிட்டு அவளும் கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானம் மாடு தானாகவே வந்து நின்றது. காலெல்லாம் சேறு. லயத்துப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்துச் சிரித்தாள். "பாத்தியா, உங்கப்பன் கூட்டிட்டு வரப் போகுமுன்ன மகாராணி தானா எழுந்தருளிட்டா. இனி அந்த மனுசன் யாரத் தேடி மலையேறுவாராம்?" என்றாள். நானும் சிரித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அப்பாவின் ரொட்டியைத் தின்றுவிட்டு, மஸ்டுக்கும் மேவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அம்மா வந்தாள், மாமா வந்தார், அப்பா வரவில்லை. மாட்டைத் தேடி மேலே போயிருப்பார் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். இருட்டத் தொடங்கியதும் அம்மா மாமாவிடம் போய், வேலை விட்டதும் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டாள். தான் மேல்காட்டில் மரம் தள்ளிக்கொண்டிருந்ததாகவும், அப்பா கீழே ஓடைப் பக்கம் விறகு அடுக்கும் கூட்டத்தில் இருந்திருப்பார் என்றும் மாமா சொன்னார். கங்காணியிடம் போனாள். கங்காணி கீழ்க் கூட்டத்தோடு இருந்தவர். அப்பா மேல்காட்டுக் கூட்டத்தில் இருந்திருப்பார் என்று அவர் சொன்னார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்கவில்லை. இருவரும் சொல்லி முடித்தபோது ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. அப்பா அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தார். பேர் விழுந்திருந்தது.

அதன் பிறகு எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்கியது. நாலு மணிக்கு வேலை விடும், ஆறு மணிக்கு இருட்டும். அதற்குள் ஒரு மனுசன் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும்? கிராண்டிஸ் காட்டைத் தாண்டிச் சதுப்பு வரை போயிருக்கலாம். முகட்டுக்கு அந்தப் பக்கம், மாட்டுப்பட்டிச் சரிவுக்குப் போயிருக்க முடியாது. ஆட்கள் சூள் கொளுத்திப் பிடித்துக்கொண்டு சதுப்பு வரைக்கும் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் பாதி லயம் ஓடைப் பள்ளத்தில் இறங்கித் தேடியது.

அன்று காலையில்தான் கதவுக்குப் பின்னால் கோடாலியைப் பார்த்தேன். சாக்கு மறைவில் சாய்ந்து நின்றது. மாட்டுக் கயிறு மாட்டியிருந்த ஆணி வெறுமையாக இருந்தது. கோடாலியை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். கிராண்டிஸ் வெட்டிய கோடாலியில் இரண்டு நாளைக்குத் தைல வாசம் போகாது, அலகில் பால் பிசுபிசுக்கும். அதில் முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா தீட்டிய எண்ணெய் வாசம்தான் இருந்தது. அவர் இதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்க முடியாது. கைடில் படித்த காண்ட் என்ற சொல் அப்படியே மண்டைக்குள் வந்து நின்றது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைக் கையைப் பிடித்துக் கங்காணியிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே கேட்டார். சாயங்காலம் நான் வீட்டில்தான் இருந்தேனா என்று கேட்டார். தண்ணீர்ப் பைப்புக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டு வந்ததைச் சொன்னேன். "அந்த நேரத்துல வந்து கோடாலிய வச்சுட்டு, கயித்த எடுத்துக்கிட்டுப் போயிருப்பான், தாயி. தீட்டித் தொடச்சு வச்சிருப்பான். உங்கப்பன் வேலச் சாமானச் சுத்தமா வைக்கிற ஆளு" என்றார். நான் கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் இன்னொரு வழியும் இருந்தது. ரொட்டிக்கும் இருந்தது. மாடு வந்து நின்றதை அப்பா கவனிக்காமல் போயிருக்கவும் வழி இருந்தது, அவர் வந்திருந்தால் அந்த நேரத்தில் நான் அதைக் கொட்டகையில் கட்டியிருந்தேன். கங்காணி சொன்னதை நானே பாதி நம்பினேன். என்னுடையது ஊகம். அவர்களுடையது விழுந்த பேர்.

இரண்டாம் நாள் சாயங்காலம் துரை பிரட்டுக்களத்துக்கு வந்தார். வெள்ளைக்காரர்கள் போய் வெகுகாலம் ஆகியும் மேனேஜரைத் துரை என்றுதான் சொல்வோம். அவர் கேட்க, ஃபீல்டு ஆபீசர் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பேசியது எனக்குப் புரிந்தது. அதுவரை பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. வேலை முடிந்து போயிருக்க வேண்டும், மஸ்ட் ஹேவ் கான். வெகுதூரம் போயிருக்க முடியாது, காண்ட் ஹேவ் கான் ஃபார். பள்ளமெல்லாம் பார்த்தாயிற்று, அங்கே இல்லை. அப்படியானால் எஸ்டேட்டை விட்டே போயிருக்கலாம், மே. முதலமடையில் மாந்தோப்புக் காவலுக்குத் தம்பி இருக்கிறான், அவனிடம் போயிருக்கலாம், மைட். படியில் இறங்குவது மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கினார்கள். ஒரு படியிலும் கால் சறுக்கவில்லை. முதல் படி மட்டும் இல்லை.

அப்பா முதலமடையைப் பற்றிப் பேசியது உண்மைதான். பனி நெஞ்சில் இறங்குகிறது, தம்பி இருக்கிற காய்ந்த ஊருக்குப் போய்விடலாமா என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருந்தார். அதுவும் இப்போது சாட்சியாகிவிட்டது.

துரை ஜீப்பில் ஏறும் முன் நான் ஃபீல்டு ஆபீசரிடம் போனேன். எப்படிப் போனேன் என்று இன்றும் தெரியவில்லை. கோடாலி வீட்டில் இருக்கிறது, அதில் வாசம் இல்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். என்ன சொல்கிறேன் என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாவது தரம் சொல்லக் குரல் வரவில்லை. அவர் என் தலையில் கை வைத்தார். "மோளே, ஹாஜர் உண்டு, பேரு விழுந்நிட்டுண்டு. பின்ன எந்தா? நாளைக்கு அம்மையும் நீயும் முதலமடை போய் நோக்கு. அவிட இருப்பார்" என்றார்.

மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி. இறங்க இறங்கக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. அம்மா போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றவே இல்லை. வேர்த்து ஊற்றியது. அவர் அங்கே இருப்பாரா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் இருப்பார் என்றேன். தமிழில் இருப்பார் என்றால் உறுதியும் அதுதான், ஆசையும் அதுதான். என் முகத்தைப் பார்த்து எது என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதலமடையில் மாமரங்கள் பூவும் பிஞ்சுமாக இருந்தன. சித்தப்பா காவல் இருந்த தோப்பைக் கண்டுபிடிக்க மத்தியானம் சாய்ந்துவிட்டது. அவர் லாரியோடு எங்கோ போயிருந்தார். தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்த அந்த ஊர்ப் பெண் ஒருத்தி எங்களை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அம்மா அப்பாவின் அடையாளம் சொல்லிக் கேட்டாள். உயரம், நெற்றித் தழும்பு, கறுப்புக் கம்பளி.

"இல்லீங்கக்கா" என்றாள் அவள். "அவிங்க அண்ணன் வந்திருந்தா எங்களுக்குத் தெரியாமப் போயிருமுங்களா? இந்தத் தோப்புக்குள்ள புதுசா ஒரு காக்கா வந்தாக்கூட ஊடு ஊடாச் சொல்லீருவமுங்க. வழியில எங்கியாச்சும் நின்னிருப்பாருங்க. நீங்க அழுவாதீங்க."

சித்தப்பா இருட்டுகிற நேரத்தில் வந்தார். எங்களைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. அண்ணன் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். அம்மா கம்பளியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. இன்றைக்கு மூன்றாவது ராத்திரிப் பனி என்று மட்டும் சொன்னாள். அங்கே யாருக்கும் அது புரிந்திருக்காது. தோப்பில் வெயிலின் சூடு இன்னும் தரையில் இருந்தது.

மறுநாள் சித்தப்பாவும் எங்களோடு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மத்தியானம் தாண்டியிருந்தது. ரோட்டோரத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். அந்த மூன்று நாளில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாங்கள் மூன்று பேர் இறங்கிய பிறகும் அவர் பஸ் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் புறப்பட்டது. அப்போதுதான் அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா" என்றார். "அன்னைக்கு நான் மச்சானக் கண்ணால பாக்கல."

அம்மாவுக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறாய் என்றாள்.

"பேரு கூப்பிட்டாக. மச்சானக் காணல. எப்பவும் போல பின்னால வர்றாகன்னு சொன்னேன். நான் மேல போயிட்டேன். வந்து கீழ்க் கூட்டத்தோட போயிருப்பாருன்னு இருந்துட்டேன். கங்காணியார் மேல போயிருப்பாருன்னு இருந்திருக்காரு. நேத்து ராத்திரிதான் ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். அப்பவும் உங்களோட பஸ்ஸுல வந்துருவாருன்னு இருந்தோம். ஒருத்தரும் பாக்கல, அக்கா."

அவரை அடித்துவிடுவாள் என்று நான் பயந்தேன். அம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவள் கண் மலைக்குப் போய்விட்டது. "அப்ப விடியுமுன்னயே போயிருக்காக" என்றாள். "பேரு கூப்பிடுமுன்ன திரும்பிரலாம்னு போயிருக்காக." அதைச் சொல்லும்போதே நடக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டுக்குப் போகவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாட்டுப்பட்டியில் வாங்கிய மாடு பழைய இடத்தைத் தேடித்தான் போகும் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். விடியலில் கிளம்பிய ஆளுக்கு முகடு தூரமே இல்லை. மூன்று நாளாக யாருமே கால் வைக்காத பக்கம் அது ஒன்றுதான். போயிருக்க முடியாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம்.

மாமா லயத்துக்கு ஓடி ஆட்களைத் திரட்டிக்கொண்டு எங்களை வழியில் பிடித்தார். முகட்டைத் தாண்டியதும் சோலைக்காடும் ஓடையும். ஆண்கள் பரவிப் போய்க் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்போம். ஓடைச் சத்தம் மட்டும் கேட்கும். அம்மா ஒவ்வொரு தரமும் என் மணிக்கட்டை இறுக்குவாள். நாலைந்து தரம் அப்படி நின்ற பிறகு சித்தப்பா கையைத் தூக்கினார். கல்லில் கல் தட்டுகிற சத்தம். தட்டி, நின்று, மறுபடி தட்டியது.

ஓடைக்கரையில் பெரணிச் செடி மூடிய பாறை இடுக்கு ஒன்றில் அப்பா கிடந்தார். மேலிருந்து பார்த்தால் செடிதான் தெரியும், கீழே ஓர் ஆள் ஆழம். கால் முட்டிக்குக் கீழே முறிந்து கறுத்திருந்தது. மாட்டுக் கயிற்றால் அதை ஒரு கொம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். கைக்கு எட்டிய பெரணியை எல்லாம் பிடுங்கிக் கம்பளிக்கு மேல் போட்டிருந்தார். குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அம்மா இறங்கி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி மாமாவைத் தேடினார்.

"மாப்ள" என்றார், காற்று மாதிரி. "பேரு கூப்பிடலையா?"

அம்மா முந்தானையால் அவர் உதட்டைத் துடைத்தாள்.

"பேரு கூப்பிட்டா நான் இல்லைன்னு தெரிஞ்சுரும். மத்தியானத்துக்குள்ள ஆளு வந்துரும்னுதான் கெடந்தேன்."

அந்தக் குழிக்குள் அவரும் எங்களைப் போலவே ஒன்றை வைத்து ஒன்றைக் கூட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். அவருடைய கணக்கும் சரியான கணக்குதான். முதல் நாள் மத்தியானம் வரும் என்று காத்திருந்தவர், வராதபோது என்ன நினைத்தாரோ. வேலை நாள் இல்லை என்று நினைத்திருக்கலாம். தன்னை யாரும் தேடவில்லை என்றும் நினைத்திருக்கலாம். அதை அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பிறகு நேரமும் இல்லை.

மாமா குழிக்குள் குனிந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கூப்பிட்டார்கள், நான்தான் பின்னால் வருகிறார் என்று சொன்னேன் என்றார். அப்பா கண்ணை மூடித் திறந்தார். "சரி விடு" என்றார். "நானுந்தான் உனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

இரண்டு கொம்புகளில் கம்பளியைக் கட்டி அவரைத் தூக்கிவந்தார்கள். முன்பக்கம் மாமா. தோள் மாற்ற வேறு ஆள் வந்தும் அவர் விடவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்ததும் நர்சிடம் இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொன்னார். அதில் மே என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. கோட்டயத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் இந்த நிலையில் அசைக்க முடியாது, ராத்திரி தாண்டட்டும் என்று பிறகு தமிழில் சொன்னார். ராத்திரி தாண்டியது. காலையில் அப்பா கொஞ்சம் கஞ்சி குடித்தார். மாடு வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். நன்றாகத் தண்ணீர் காட்டு என்றார். மத்தியானத்துக்குள் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. பேச்சு எங்கெங்கோ போனது. மூன்று மணிக்கு மேல் மூச்சு நின்றது.

அம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை. வெகு நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, டாக்டரிடம் ஒன்று கேட்டுவா என்றாள். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்கச் சொன்னாள். சித்தப்பா வேண்டாம் அண்ணி, இனி அது எதற்கு என்றார். அவள் என்னையே பார்த்தாள்.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். சின்ன வயதுக்காரர், வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, தமிழ் தடுமாறும். நான் தமிழில்தான் கேட்டேன். அவர் துண்டில் கையைத் துடைத்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "ஹி குட் ஹேவ் லிவ்ட்" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்து, புரிந்ததா என்று கேட்டார். தலையாட்டினேன். கைடில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். நடக்க வழி இருந்தது, நடக்கவில்லை என்ற இடத்தில் போட வேண்டிய சொல் அது. அங்கே கொடுத்திருந்த உதாரணம் பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவனைப் பற்றியது. அந்தப் பரீட்சையை நான் பிறகு எழுதவே இல்லை.

வராந்தாவில் அம்மா வந்து நின்றிருந்தாள். மாமா தூணை ஒட்டிக் குந்தியிருந்தார். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அம்மாவைவிட மாமாவுக்குத்தான் அந்தப் பதில் வேண்டியிருந்தது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று நான் சொல்லியிருந்தால் அவர் மீதி நாளை எப்படியாவது கழித்திருப்பார். நான் அதை நினைத்துப் பார்த்தேன். ஆனால் நாலு நாளாக ஆளுக்கு ஆள், வந்திருப்பார், போயிருப்பார், இருப்பார் என்று எங்களுக்கு நல்லதாகச் சொல்லிக் கேட்டிருந்தேன். இன்னும் ஒன்றை என் வாயால் சேர்க்க என்னால் முடியவில்லை.

"பொழச்சிருக்கலாமாம்" என்றேன்.

மாமா தலையைத் தூணில் சாய்த்துக்கொண்டார். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஆட்கள் பாடை கட்டக் கொம்பும் கயிறும் கொண்டுவந்து முற்றத்தில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கங்காணி வெளிவாசலுக்கு அப்பாலேயே நின்றுகொண்டார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

அம்மா மாமாவின் பக்கத்தில் போய் நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரி" என்றாள். "இருட்டுறதுக்குள்ள தூக்கணும்."